தூசு

போன வருடம் பெப்ரவரியில்
நானே பூட்டிய பெட்டி செத்தது.
திருகாணி ஒவ்வொன்றும் என் கை.
மின்விசிறிக்கு நீல வெளிச்சம் வேறு.
உறைபெட்டிகளின் குளிரை நிமிடத்துக்கு ஒருதரம்
எழுதிவைத்து, குறைந்தால் என்னை எழுப்புவதுதான் அதன் வேலை.
எழுப்பவில்லை.
அறுநூறு கிலோ அறக்குளா, விளைமீன், கணவாய்
சார்ஜன்ட் அவெனியூக் கடைக்குள் தண்ணியாய் ஒழுக
வெளியே வின்னிப்பெக், சைபருக்குக் கீழே முப்பத்தொன்று.
"ரோட்டில் கொட்டி வைத்திருந்தால் கெட்டிருக்காது"
என்றாள் சுகிர்தா. சிரிக்கவில்லை.

இந்தமுறை பூட்டுவதில்லை, வாங்குவது.
லோகன் அவெனியூவில் ஒரு பண்டகசாலை.
காப்புறுதிக் கந்தோர்கள் கழித்த கணினிகள்
கூரை முட்ட.
டாராஸ் பளபளவென்று துடைத்த ஒன்றை முன்னே தள்ளினான்,
நூற்றெண்பது டொலர்.
பின்பக்கம் திருப்பினேன்.
திருகாணித் தலைகள் தேய்ந்திருந்தன.
யாரோ திறந்திருக்கிறார்கள்; ஒருதரம் அல்ல.

மூலையில் இன்னொன்று, கறுப்பு, அவலட்சணம்,
'கணக்குப் பிரிவு 14' என்று ஒட்டுத்தாள்.
மூடியைக் கழற்றினேன். உள்ளே தூசு,
ஒரே சீராய், மாவரித்த மாதிரி,
ஒரு விரலடையாளம் இல்லாமல்.
ஐந்து வருடம் ஒருவருக்கும்
இதைத் திறக்கத் தேவை வரவில்லை.
கொண்டென்சர்கள் வீங்காமல் தட்டைத் தலையோடு நின்றன.
நினைவகம், தன் பிழையைத் தானே திருத்துகிற சாதி.

சட்டைப்பையில் கொண்டுபோன யூஎஸ்பியைச் செருகி
ஓபன்பிஎஸ்டியை எழுப்பினேன்.
வரிகள் ஓட ஓட
பிள்ளையின் சோதனை மறுமொழி பார்க்கிறவன்போல் நின்றேன்.
வலை அட்டை தெரியுமாம். வட்டு தெரியுமாம்.
வெப்ப உணரியும்.
ஒலி அட்டை மட்டும் இனந்தெரியாது.
மீன்கடையில் அது பாட்டுப் படிக்கவா போகிறது?

"ஐந்து வயது, கிழடு" என்றான் டாராஸ், நேர்மையானவன்.
"சாகிறதென்றால் முதல் வருடத்திலேயே செத்திருக்கும்."
தொண்ணூறு டொலர்.
வட்டு மட்டும் புதிது, இரண்டு.
ஒற்றை வட்டை நம்பின காலம் போய்விட்டது.

தூசை ஊதினேன், அரைமனதோடு.
'மின்சாரம் வந்தால் தானே எழும்பு' என்ற
ஒரேயொரு தெரிவை மாற்றினேன்.

ஜனவரியில் ஓரிரவு தெரு முழுக்க கரண்ட் போனது.
வீடு விறைத்து நாங்கள் முழித்தோம்.
இருட்டில் சப்பாத்துத் தேடி, வேனைக் கிளப்பி
பாதி வழி போகவில்லை,
போன் அதிர்ந்தது:
எழும்பிவிட்டேன். மூன்றாம் பெட்டி, கழித்தல் பதினேழு.

சுகிர்தா இப்போது அதைப் 'பதினாலு' என்றே கூப்பிடுகிறாள்.
அன்றிலிருந்து இருநூற்று ஆறு நாள்
ஒரு நொடி ஓயவில்லை.
இன்றைக்குப் புதிய கருனலுக்காக
நானேதான் நிறுத்த வேண்டும்.
கட்டளையை அடித்தாயிற்று.
என்டரை அழுத்தாமல்
தேத்தண்ணி வைக்க வந்திருக்கிறேன்.