முப்பது மைக்ரான்

கல்லை முப்பது மைக்ரானுக்குத் தேய்த்துவிட்டேன்.
இனித் தேய்த்தால் ஒன்றும் மிஞ்சாது என்றாள் நுஸ்கியா.
தேர்ஸ்டன் வீதி ஆய்வுகூடத்தில்
மின்விசிறியை நிறுத்தி
அடியிலிருந்து ஒளியை ஏற்றினோம்.

உருண்டைகள்.
ஒருமுறை உருகி, சில மணிநேரத்தில் இறுகிய துளிகள்.
ஒவ்வொன்றின் மேலும் தூசிப் போர்வை.
சூரியனுக்கு அப்போது முகமே சரியாய் அமையவில்லை.

வேகமாய் மோதினால் உடைந்திருக்கும்,
மெல்ல மோதினால் துள்ளி விலகியிருக்கும்.
பிறகு எப்படிக் கல்லானது?
அவள் தோளைக் குலுக்கினாள்.

ஐந்தரைக்கு மழை.
பம்பலப்பிட்டிச் சந்தியில், காற்றை எதிர்த்து நடந்த ஒருவர்
மருந்துக்கடை வாசலில் நடையைத் தளர்த்தினார்.
அவர் முதுகின் மறைவில் இன்னொருவர்,
அப்புறம் நாங்கள்,
குடை முறிந்த பெண்,
மாலுபாண் பையோடு ஒரு பொடியன்.
யாரும் யாரையும் அழைக்கவில்லை.
கொஞ்ச நேரத்தில் கையசைக்க இடமில்லை.

"இப்படித்தானோ?" என்றாள்.

பெரிதாய் வளர்ந்தவை உள்ளே உருகித்
தொடக்கத்தை மறந்தன;
காலடியில் இந்த நிலமும் அப்படித்தான்.
அந்தக் கல் வளரவில்லை, அவ்வளவே.

நூறாம் இலக்க பஸ் வந்தது.
வாசல் காலியானது.
என் நகக்கண்ணில் இன்னும்
கழுவியும் போகாத சாம்பல்.