எத்தனை கிலோ

முதல் பெடல் ஸ்ரியரிங்கோடு சேர்ந்து வந்தது,
பிளாஸ்ரிக்.
வவுனியாவில் பாவித்த சாமான் விற்கிறவன்
பதினெட்டாயிரம் சொல்லிப் பதினாறுக்குத் தந்தான்.
உள்ளே ஒரு ஸ்பிரிங்.
கால் எவ்வளவு தூரம் போனது என்றுதான்
அது கணக்குப் பார்க்கும்.

தூரம் காலின் மனசில் நிற்பதில்லை.
நூறு மீற்றர் பலகையில் ஒருநாள் சில்லு இறுகிப் புகையும்.
மறுநாள், அதே வளைவு, அதே மிதி,
கார் நேரே மணலுக்குள்.

எண்ணெயில் வேலை செய்கிற வகையும் இருக்கிறதாம்.
விலையைப் பார்த்துவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன்.
அந்தக் காசுக்குக் கன்றோடு ஒரு பசு வரும்.

"உனக்குப் பாரம் அளக்கிற சாமான் வேணும்"
என்றான் அகிலவன்.
பரந்தன் ஆலையில் தராசு திருத்துகிறவன்,
என்னைக் கட்டினவன்.
கழித்துப் போட்ட தராசொன்றின் வயிற்றைத் திறந்து
விரல் நீளத்தில் ஒரு அலுமினியக் கட்டியை எடுத்தான்.
சிவப்பு, கறுப்பு, பச்சை, வெள்ளை, நாலு வயர்.
"எத்தனை போகம் நெல்லு நிறுத்தது,
உன்ரை காலை நிறுக்காதோ?"

கோண இரும்பை ஒட்டிச் சட்டம் அடித்தோம்.
இருக்கை, உடைந்த வானொன்றின் முன் இருக்கை.
பிறேக்கை மிதித்தால்
கார் நிற்கவில்லை, கதிரைதான் பின்னால் போய்
அலுமாரியில் இடித்தது.
இரண்டு மூட்டை ஆட்டக்காரி நெல்லை
முதுகுக்குப் பின்னால் அண்டை கொடுத்தோம்.

பிறகு றபர்.
உழவு மெசின் புஷ்ஷில் மூன்று துண்டு வெட்டினான்:
இளக்கம், நடுத்தரம், கல்லு.
முன்னால் ஒரு வாசர். இல்லை, இரண்டு.
குதி தரையில் இருக்கவேணும்,
விரலடிதான் மிதிக்கவேணும்.

திரை கேட்டது:
முழுப் பலத்தோடு மிதிக்கவும்.

மிதித்தேன்.
இருபத்திரண்டு.

"விளையாடாதை. வடிவாய் மிதி."
"இதுதான் வடிவாய்."

விடிய ஐந்தரைக்கு என்னை ஏற்ற வாகனம் வரும்.
முகமாலைப் பக்கம், முழந்தாளில் இருந்து
ஒரு சாண், இன்னொரு சாண் என்று மண்ணைச் சுரண்டுகிறேன்.
அங்கே கிடக்கிறதுக்கும் ஒரு கணக்கு உண்டு.
ஏழெட்டுக் கிலோ போதும்,
ஒரு நடுத்தரப் பலாப்பழம்.
சிவப்புத் தடிக்கு அங்காலே
ஒன்பது வருசமாய் நான் கால் வைத்ததில்லை.
இங்காலேயும்
பூனை மாதிரித்தான் நடக்கிறேன் என்று
அகிலவன் சொல்லுவான்.

மல்லாவிச் சதுர்ஷன், இரவு என்னோடு ஓடுகிறவன்,
எழுபதுக்கு வை அக்கா என்றான்.
நான் முப்பதுக்கு வைத்தேன், இளக்கமான றபரோடு.
ஆறு கிலோவுக்கும் ஏழு கிலோவுக்கும் நடுவில்
எவ்வளவு இடம் இருக்கிறது என்று
அந்தப் பெடியனுக்குத் தெரியாது.
மழை ஓட்டத்தில் ஐந்து தரம் அவனை
வளைவின் உள்பக்கத்தால் முந்தினேன்.
மிதியைக் கொஞ்சம் கொஞ்சமாய் விட்டுக்கொண்டு,
நூல் விடுகிற மாதிரி.

ஆறாம் தரம்
அவனுடைய கார் எனக்கு முன்னால் சுழன்று
றோட்டுக்குக் குறுக்கே நின்றது.

என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது.
சட்டம் முனகியது.
முதுகுக்குப் பின்னால் மூட்டையின் தையல் விட்டு
நெல்லு
சரசரவென்று சீமெந்துத் தரை முழுக்க ஓடியது,
கட்டிலுக்குக் கீழே, வயருகளுக்கு நடுவே.
கார் அவனுக்கு ஒரு முழம் பிந்தி நின்றது.
திரையில் அறுபத்துநாலு.

அகிலவன் ஒன்றும் சொல்லவில்லை.
தும்புத்தடி எடுக்கப் போனான்.
நான் செருப்பில்லாமல் இறங்கி
நெல்லின் மேல் நின்றேன்,
இரண்டு காலாலும்,
குதி பதிய.

பிறகு ஊசியும் சணல் நூலும் தேடி மூட்டையைத் தைத்தேன்.
அளவை மாற்றவில்லை, முப்பதிலேயே விட்டேன்.
மழைக்கு அதுதான் நல்லம்.