பெரிய எழுத்து, சிறிய எழுத்து

பிட்டுங் துறைமுகத்தில், மீன் ஏலக்கூடத்துக்கு எதிரே
என் கடை: ஒரு மேசை, ஒரு குடை,
நான்கு கம்பெனிகளின் சிம் அட்டைகள்.
நான் விற்பது காற்று என்பாள் மெய்ஸ்கெ ரொண்டொனுவு.
காற்றுக்கு ரசீது கேட்பவளும் அவள்தான்.

அவள் கையில் கறுப்பு ஃபோன்.
உளுந்தம்பருப்பை நெருக்கி அடுக்கியதுபோலப் பொத்தான்கள்.
அதற்கு மட்டும் இரண்டு வரி.
ஒன்று, மலைமேல் நிற்கும் கோபுரத்துக்கு.
மற்றது, ஃபோனைச் செய்தவர்கள்
பனி பெய்யும் ஏதோ ஊரில் வைத்திருக்கும் வீட்டுக்கு.
இங்கிருந்து மனாடோவுக்கு அவள் அனுப்பும் சேதி
அந்த வீட்டு வாசலை மிதித்துவிட்டுத்தான் மனாடோ போகும்.
பஸ்ஸில் போனால் ஒன்றரை மணி நேரம்.

ஒரு ரகசியம் சொல்லிக்கொடுத்தேன்:
திரையின் மூலையில் பெரிய எழுத்து தெரிந்தால்
அந்த வீடு உன்னை அடையாளம் கண்டுவிட்டது.
அதே எழுத்து சிறியதாய்த் தெரிந்தால்
கோபுரத்துக்கு உன்னைத் தெரியும்,
வீட்டுக்குத் தெரியாது.

நியாயத்தையும் சொல்ல வேண்டும்.
லெம்பே நீரிணையில், மழையில், ஒற்றைக் கோட்டு சிக்னலில்
மற்றவர்கள் ஃபோனில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்.
அவளுடையது ஈரத்துணியைப் பிழிவதுபோல்
சேதியைப் பிழிந்து சின்னதாக்கி அனுப்பிவிடும்.
படகு கரைதட்டும் முன்பே சூரைமீனுக்கு விலை வந்திருக்கும்.
ஆயிரம் சேதிக்கும் அதே மாதக் கட்டணம்.
அதைச் சொல்லித்தான் விற்றேன். பொய் இல்லை.

அந்தப் புதன்கிழமை எழுத்து சிறியதானது.

பேட்டரியைக் கழற்றிப் போடுங்கள் என்றேன்.
பதினோரு பேரிடம் அதையே சொன்னேன்.
பன்னிரண்டாவதாக அவள்.
கூடத்தில் அறுநூறு கிலோ சூரை,
ஐஸ் உருகிச் செருப்புவரை வந்துவிட்டது.
"கூப்பிட்டுப் பேசேன்" என்றேன்.
ஃபோனை என் பக்கம் திருப்பினாள்:
இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள்,
ஒவ்வொன்றுக்கும் அந்த வீடு கொடுத்த எட்டு எழுத்துக் குறி.
ஒருவருக்கும் நம்பர் இல்லை.

பக்கத்தில் கூடை தூக்கும் யோப்பி,
திரை விரிசல் விட்ட, பெயர் தேய்ந்த ஃபோனில்
கால்பந்து முடிவு பார்த்துக்கொண்டிருந்தான்.
அதே கோபுரம். அதே மழை.

அவள் கேட்டாள்:
"என் ஐஸ்பெட்டி செய்தவன் மக்காஸ்ஸாரில் இருக்கிறான்.
அவன் படுத்துவிட்டால்
என் பெட்டி திறக்க மாட்டேன் என்று சொல்லுமா?"

ஒவ்வொரு புதுப்பித்தலிலும் எனக்கு இரண்டாயிரம் ரூபியா.
நான் குடையைச் சரிசெய்தேன்.

பிக்கப் வண்டி பிடித்து மீனை அவளே கொண்டுபோனாள்,
மனாடோவில் கடை கடையாக, உச்சி வெயிலில்.
என்ன விலைக்குப் போனது என்று
இன்றுவரை சொல்லவில்லை.

வெள்ளி மாலை நான்கு மணிக்கு எழுத்து பெரியதானது.
மூன்று நாள் சேதிகள் ஒரே கொட்டாகக் கொட்டின.
என் மேசைமேல் ஃபோன் வண்டுபோல ஊர்ந்தது.
ஒன்றை மட்டும் உரக்க வாசித்தாள்,
புதன் காலை, மனாடோவிலிருந்து:
அறுநூறு கிலோவும் எனக்கே, சொன்ன விலை.

நான் சிரிக்கவில்லை. அவள் சிரித்தாள்.

மாதக் கட்டணம் முடியும் நாள் வந்தது.
சாதா டேட்டாவில் ஓடும் ஃபோன் ஒன்றை
கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்தேன்.
பார்த்தாள். தொடவில்லை.
"ஒரு வாரத்துக்கு மட்டும் போடு" என்றாள்,
"ஒரு நோட்டும் கொடு, கோடு போட்டது."

பிறகு குடைக்கடியில் உட்கார்ந்து
இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும்
அந்தப் பனி வீட்டின் வழியாகவே
ஒரே சேதி அனுப்பினாள்:
உன் நம்பரைச் சொல்.

முதல் பதில் வருவதற்குள்
பேனா மூடியைக் கடித்துக் கழற்றியிருந்தாள்.