மூன்று அங்குலம்

பத்திரத்தில் எல்லாம் இருக்கிறது.
கிணறு பொது.
தென்னை ஏழில் நான்கு எங்களுக்கு.
கொல்லைச் சன்னலை மட்டும்
நீடாமங்கலத்து எழுத்தர் விட்டுவிட்டார்.

கூடத்தைக் கிழித்துக்கொண்டு வந்த புதுச்சுவர்
சன்னலின் நடுச்சட்டத்தில் முட்டி நின்றது.
"பேத்துடவா?" என்றார் கொத்தனார் அந்தோணி.
வேண்டாம் என்றோம் இரண்டு பேரும்,
தனித்தனியாக.

இடக்கதவு என்னுடையது.
வலக்கதவு ஓரகத்தி செண்பகவல்லியுடையது.
நடுவில் நிற்கும் மூன்று அங்குலத் தேக்கு
யாருக்கென்று யாரும் கேட்கவில்லை.
நான் பச்சை அடித்தேன்.
அடுத்த வாரமே அவள் காவி அடித்தாள்.
கொல்லையில் நின்று பார்த்தால் தெரியும்:
சட்டத்தின் முகத்தில் இரண்டும்
நூல் பிடித்தாற்போல் நிற்கும்.

ஐப்பசி. நாலு நாளாய் விடாத மழை.
வெண்ணாறு கரை தொட்டு ஓடுகிறது.
மரம் ஊதி, என் கதவு
சட்டத்தோடு இறுகிக்கொண்டது.
தீய்ந்த பாலின் புகை
போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றியது.
அந்தப் பக்கமும் உலுக்கும் சத்தம்.
பிறகு ஒரு குத்து.
சட்டம் அதிர்ந்ததில்
என் கதவு விட்டுக்கொண்டது.

நன்றி சொல்லும் வழக்கமில்லை எங்களுக்குள்.
அவளுடையதும் திறக்கட்டும் என்று
சட்டத்தில் ஓங்கி ஓர் அறை அறைந்தேன்.

சண்டைக்கு இழுக்கிறேன் என்றுதான்
நினைத்திருப்பாள்.