கால் திருகு

உச்சிப்புளி ரயில்வே கேட்டுக்குத் தெற்கே என் பட்டறை.
உப்புக்காற்று இங்கே முதலில் நட்டைத் தின்னும்,
பிறகு நட்டைக் கழற்றும் ஸ்பானரை.
பெயர்ப்பலகையில் 'ஆட்டோ' போய்விட்டது,
'ஒர்க்ஸ்' மட்டும் நிற்கிறது,
அதுவும் பொய் சொல்லவில்லை.

சீனி இபுராம்சா வந்தார்.
புதுமடத்தில் உயிர்நண்டு ஏற்றி
மண்டபம் கம்பெனிக்கு ஓடுகிறவர்.
"திருகினா யோசிக்குது."
"எவ்வளவு நேரம்?"
விரலைச் சொடுக்கினார்.
"இந்தா, இவ்வளவு."
அந்தச் சொடுக்குக்குள்தான்
ராமேசுவரம் பஸ் முன்னால் வந்து அடைத்துக்கொள்கிறதாம்.
வழியில் செத்த நண்டுக்குக் கம்பெனி பாதி விலைகூடத் தராது.

கழற்றினேன்.
உள்ளங்கையில் அடங்கும் அலுமினியத் தொண்டை.
நடுவே பத்து ரூபாய்க் காசைவிடச் சற்றுப் பெரிய
பித்தளைத் தகடு.
தகட்டைப் பிடித்திருக்கும் குறுக்குத்தண்டு,
அதில் இரண்டு ஸ்குரு,
வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்கள் மாதிரி
காற்றின் வழியில்
தலையை நீட்டிக்கொண்டு.

லேத்துக்கார வழிவிட்டானிடம் கொண்டுபோனேன்.
(அவன் பெயரே அதுதான்.)
தண்டின் பருமனில் பாதியைச் சீவினான்.
இன்னொரு நூல் சீவினால்
என்றைக்காவது முறிந்து இஞ்சினுக்குள் இறங்கும்.
அந்த இடம் வந்ததும்
அவன் மூச்சு விடவில்லை,
நான் டீயை விழுங்கவில்லை.

ஸ்குருத் தலைகளை அரத்தால் கரைத்து
மரையில் பூட்டுப்பசை தொட்டு இறுக்கினேன்.
ஆயிரம் நம்பர் தாளில் மண்ணெண்ணெய் நனைத்து
தொண்டையைத் தேய்த்தேன், நகம் வழுக்கும்வரை.
சென்சாரை மீட்டரில் பார்த்தேன்:
தகடு மூடினால் அரை வோல்ட்.
திறந்தால் முள் தயங்காமல் ஏறியது.
கேபிளில் ஒரு மில்லிமீட்டர் தளர்ச்சி விட்டேன்,
சொந்த வண்டிக்குக்கூட இப்படிப் பார்த்ததில்லை.

திருகினார்.
கேட்டில் நின்ற ஆடுகள் சிதறின.
சிரித்துக்கொண்டே போனார்.

நாலாம் நாள் கூடையோடு வந்தார்.
சிரிப்பு இல்லை.
கூடையின் அடியில்
பதினேழு கால், தனியாக.
"தூக்கிப் போடுது. பயந்த நண்டு
காலைக் கழற்றி எறிஞ்சிரும், தெரியுமில்ல?
கால் இல்லாததை ரெண்டாந்தரம்னு ஒதுக்கிட்டான்.
அந்த யோசனையக்
கொஞ்சம் திருப்பிப் போடுங்க."

எதைத் திருப்பிப் போட?
சீவிய பித்தளை
லேத்தின் அடியில் சுருள்சுருளாக,
வழிவிட்டானின் செருப்பில் ஒட்டிக்கொண்டு.

அன்றிரவு தூக்கம் வரவில்லை.
காற்றின் அவசரத்தைக் கேட்டேன்,
ஓட்டுகிறவரின் அவசரத்தைக் கேட்டேன்,
பின்னால் கட்டிய பெட்டியைக்
கேட்கவே இல்லை.

காலையில் யாரோ வைத்துவிட்டுப் போன
கல்யாணப் பத்திரிகையின் கெட்டி அட்டையில்
ஒரு சக்கரம் வெட்டினேன்.
கேபிள் சுற்றும் சக்கரம். வட்டமில்லை,
கிளிஞ்சலைப் போல ஒருபக்கம் அகன்று
மறுபக்கம் ஒடுங்கியது.
அகலத்தில் கேபிள் இழுத்தால் தகடு மெல்லத் திறக்கும்.
ஒடுக்கத்துக்கு வந்ததும் விருட்டென்று.
மணமகன் பெயரின் மேலேயே துளை விழுந்தது.
நல்ல முகூர்த்தமாக இருக்கட்டும்.
மூன்று அட்டை வீணாகி நாலாவது பொருந்தியது.
வழிவிட்டான் அதை அலுமினியத்தில் கடைந்தான்.

இப்போது கால் திருகு வரைக்கும்
வண்டி பாய்விரித்த வள்ளம்போல் நகர்கிறது.
அதற்குமேல் திருகினால்
பஸ்ஸின் பின்கண்ணாடி பக்கவாட்டில் ஓடிப்போகிறது.
பழைய சொடுக்கு எங்கேயும் போகவில்லை.
எங்கே இருக்க வேண்டுமோ
அங்கே உட்கார்த்திவிட்டேன்.

கூலியில் இருநூறு குறைத்தார்.
ஈடாக ஒரு கிலோ நீலக்கால் நண்டு.
"நல்லா ஓடுதா?" என்றதற்குப் பதில் இல்லை,
ஹெல்மெட் போட்டாயிற்று.

வழிவிட்டான் அடுப்பைப் பற்றவைக்குமுன்
ஒவ்வொன்றாகத் தூக்கிப்
புரட்டி எண்ணினான்.

பத்து.
பத்து.
பத்து.
ஒன்றில் ஒன்பது.

"இது வலையில போனது" என்றான்,
நான் கேட்குமுன்.