இரண்டு கிலோ மணல்

இருபத்தாறு வருஷம் நான் பார்த்தது
மனிதர்களை அல்ல, கைகளை,
அதுவும் முழங்கை வரைக்கும்.
பினாங்குப் பாலத்துச் சாவடி, பிறை பக்கம்,
மூன்றாம் நம்பர் கூண்டு.
மோதிரக் கை. மருதாணிக் கை.
ரொட்டிச்சானாய் எண்ணெய் மினுங்கும் கை.
ஒருநாள் நடுங்கிக்கொண்டு ஒரு கை,
பின் சீட்டில் பிரசவ வலி,
மிச்சம் வேண்டாமென்று உதறிவிட்டுப் போனது.
பெண்ணா பையனா, இன்றுவரை தெரியாது.
பிறகு அட்டை வந்தது.
கைகளும் வரவில்லை.
அறுபதில் என்னையும் அனுப்பிவைத்தார்கள்,
ஒரு சுவர்க்கடிகாரத்தோடு.

நேரத்தைத் தவிர வேறெதுவும் இல்லாதவனுக்குக்
கடிகாரம் கொடுப்பது யார் யோசனையோ.

முதல் மாதம் சமையலறை வாசலிலேயே நின்றேன்.
"இங்கேயும் சாவடி போட்டாச்சா?
போக எவ்வளவு, வர எவ்வளவு?"
கனகவல்லி கேட்டது விளையாட்டுக்குத்தான்.
ஆனால் கையில் கரண்டி இருந்தது.

அன்றைக்கே பஸ் பிடித்துத் தண்ணீர்மலை போனேன்.
நிலாவாசல் தாண்டி நாற்பது படி,
முதல் கியரில் திணறும் பழைய லோரி என் மூச்சு.
திரும்பிவிடலாமென்று இறங்கினேன்.
அடிவாரத்தில் மணல் குவியல்,
கோப்பி கட்டித் தரும் பிளாஸ்டிக் பையில்
இரண்டிரண்டு கிலோவாக முடிச்சுப் போட்டு.
பக்கத்தில் பலகை, நாலு மொழியில்.
தமிழ் கடைசி வரி:
'மேலே செல்வோர் ஒரு பை மனல் எடுத்துச் செல்லவும்.'

சேவை மனப்பான்மை எல்லாம் இல்லை.
வெறுங்கையோடு நிற்கிறவன்
வேலையில்லாதவன் என்று தெரிந்துவிடுமே,
அதற்காக ஒரு பையைத் தூக்கினேன்.

மேலே தகரக் கொட்டகை.
கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்த லூன் ஹுவாட்
சிமெண்ட் குழைத்துக்கொண்டிருந்தார்.
தபால் நிலையத்து ருக்காயா தேநீர் ஊற்றினார்,
தபால்தலை கிழிக்கும் கறாரோடு
ஆளுக்கு ஒரு கோப்பை.
கணக்கு டீச்சராயிருந்த மிஸ் பிலோமினா, எண்பத்தொன்று,
நோட்டைத் திறந்தாள்.
வயது கேட்கவில்லை, பென்ஷன் கேட்கவில்லை.
"எத்தனை பை?"
"ஒன்று."
"பேர்?"
"வைரக்கண்ணு."
எழுதினாள்.

கடைசிப் படியில் பாசி.
இறங்கும்போது வழுக்கியது.
யாரோ கை கொடுத்தார்கள்.
பழக்கதோஷத்தில் கையைத்தான் பார்த்தேன்,
சிமெண்ட் காய்ந்து வெளுத்த கை.
பிறகு நிமிர்ந்தேன்.
முழங்கைக்கு மேலே தோளும்
தோளுக்கு மேலே லூன் ஹுவாட்டும் இருந்தார்.

எட்டு மாதம். இருநூற்றுப் பதினோரு பை.
ஒரு பெஞ்சு, பதினாலு படி,
ஈரம் காயுமுன் குரங்கு வைத்த ஒரு கால் தடம்.
அதை மட்டும் யாரும் பூசவில்லை.

அப்புறம் முட்டி.
பொது மருத்துவமனையில் டாக்டர் பெண்
படத்தைத் தூக்கிக் காட்டி
"படி ஏறாதீங்க அங்கிள்" என்றாள்.
மூன்று வாரம் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்தேன்.
கனகவல்லி ஒன்றும் சொல்லவில்லை.
நாலாம் வாரம் காலுறையை மடித்துச்
செருப்புப் பெட்டிமேல் வைத்திருந்தாள்.

பையை அவிழ்த்துப் பாதியைக் கொட்டிவிட்டு ஏறினேன்.
பதினாலு படியில் ஆறு இடத்தில் நின்றேன்.
பெஞ்சில் முதல் தடவையாக உட்கார்ந்தேன்,
லேசாக ஆடியது.
மிஸ் பிலோமினா பையைத் தூக்கிப் பார்த்தாள்.
கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள்.
'அரை' என்று எழுதினாள்.

கோபம்தான் வந்தது.
முழுசாகப் போட்டால் என்ன குறைந்துவிடும்?
அவள் நோட்டைத் திருப்பித் தன் பேரைக் காட்டினாள்.
போன வருஷத்திலிருந்து
வரிசையாகக் கால், கால், கால்.
"டீ ஆறுது" என்றாள்.

மழை கீழ்ச் சாக்கடையை அரித்துவிட்டதாம்,
அடுத்தது அது என்கிறார் லூன் ஹுவாட்.
சரி, மணல் ஓடிப்போகாது.
இன்றைக்கு வேறொரு வேலை வைத்திருக்கிறேன்.
சட்டைப் பையில் கறுப்பு மார்க்கர்.
ரெண்டு சுழியை மூன்று சுழியாக்க வேண்டும்.
எழுத்துகளை நெருக்கி எழுதித் தொலைத்திருக்கிறான்,
இடம் போதவில்லை,
மண்டியிடவும் முட்டி விடவில்லை.
குனிந்து,
பலகையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு,
மெல்ல.