முப்பத்தொன்றாம் கட்டம்

தரைக்குள் புதைத்த வட்டுக்கு
இரும்பு மட்டும்தான் தெரியும்.

லாங் பஜாரில் மஞ்சள் கோடு இழுத்து
நூற்றுப் பன்னிரண்டு கட்டம் பிரித்தார்கள்.
கட்டத்துக்கு ஒரு வட்டு,
பத்துக் கட்டத்துக்கு ஒரு கம்பம்,
கம்பத்துக்குள் ஒரு பெண் குரல்:
"அன்பார்ந்த வாகன ஓட்டுநரே,
தங்கள் நேரம் நிறைவடைகிறது."
மண்டித் தெருவில் அதுவரை யாரும் யாரையும்
அன்பார்ந்தவரே என்றதில்லை.
மூட்டை இறக்குகிற சம்பங்கி
முதுகில் சுமையோடு திரும்பி
"இன்னா?" என்றார் கம்பத்தை.

நான் மாநகராட்சி மாடியில்
ஒப்பந்தக் கூலிக்குத் திரை பார்க்கிறேன்.
பச்சை என்றால் காலி.
சிவப்பு என்றால் வண்டி, மணிக்கு நாற்பது ரூபாய்.
சாம்பல் என்றால் கருவிக் கோளாறு.

பதினாறு புளி மூட்டை அடுக்கியிருப்பார்கள்,
திரையில் பச்சை.
எருமை படுத்து அசைபோடும்,
பச்சை.
கட்டத்தின் நடுவில் சாக்கு விரித்து
இலவம்பாடி முள்ளுக் கத்தரியைக்
கூறு கட்டி உட்கார்ந்திருக்கும் நாகபூஷணம்மாளும்
பச்சைதான்.
ஒருநாள் ஐந்து கிலோ எடைக்கல்லைக்
கை மறந்து வட்டின் தலையில் வைத்துவிட்டாள்.
சிவப்பு.
கம்பம் அவளை அன்பார்ந்தவளாக்கி
நாற்பது ரூபாய் கேட்டது.
"காலையிலிருந்து எனக்கே நாப்பது தேறல" என்று
கம்பத்துக்குப் பதில் சொன்னாளாம்.

முப்பத்தொன்று மட்டும்
பதினோரு நாளாக அணையாத சிவப்பு.
பத்தாயிரத்து ஐந்நூற்று அறுபது ஏறியிருந்தது.
"சக்கரத்துக்குப் பூட்டு போடச் சொல்லும்மா"
என்றார் கண்காணிப்பாளர்,
டிபன் பாக்ஸைத் திறந்தபடி.

சாப்பாட்டு நேரத்தில் இறங்கிப் போனேன்.
அசன்சோலிலிருந்து வந்த நீல வண்டி.
முன் கண்ணாடியில் வெயிலுக்குத் தடுப்பாக
ஆஸ்பத்திரி எக்ஸ்ரே உறை.
பின் சீட்டில் தலையணை, ஸ்டவ், ஒரு சிறுமியின் செருப்பு.
பக்கக் கண்ணாடியில் முகம் பார்த்து
சவரம் செய்துகொண்டிருந்தவர்
என் கழுத்து அட்டையைக் கண்டதும்
பாதி நுரையோடு எழுந்து நின்றார்.

பதினோரு நாளில் அவர் கற்ற தமிழ் மூன்று சொல்:
டோக்கன், ரத்தம், நாளைக்கு.
போன் ஒன்றுதான். அது மேலே வார்டில்,
மகளிடமும் மனைவியிடமும்.
சட்டைப் பையிலிருந்து
ஒரு கைப்பிடி ஐந்து ரூபாய்க் காசை அள்ளி
கம்பத்தைச் சுற்றி வந்து காட்டினார்,
எங்கே போட?

நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை என்று
எங்கள் ஊருக்குப் பழைய கணக்கொன்று உண்டு.
காசு போடத் துளையில்லா மீட்டரை
அதில் எழுதிக்கொள்ளுங்கள்.

மாடிக்கு வந்தேன். மென்பொருளில்
நான்கு பொத்தான்:
வசூல், அபராதம், பூட்டு, கருவிக் கோளாறு.
அழுத்தினேன்.
முப்பத்தொன்று சாம்பலாயிற்று.
கண்காணிப்பாளர் ஊறுகாயைத் தேடிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் பெங்களூரிலிருந்து
இன்ஜினியர் பையன் வந்தான்.
வண்டி அதற்குள் போயிருந்தது.
மகளோடு போனார்களா
என்பதற்குத் திரையில் நிறமில்லை.

கத்திரி வெயிலில் முட்டி போட்டு
வட்டின் மேல் காந்தத்தை வைத்தான், எடுத்தான்,
டாக்டர் மாதிரி குனிந்து கேட்டான்.
"கோளாறே இல்லையே மேடம், யார் போட்டது?"

"வெயில் சார்" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தான். கழுத்தைத் துடைத்தான்.
வேலூரில் அந்தப் பதிலை
யாரும் மறுத்துப் பேசியதில்லை.
காரணம்: அதிக வெப்பம்
என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

அவன் எழுந்த ஈரம் காயுமுன்னே
நாகபூஷணம்மாள் சாக்கை உதறி விரித்தாள்.
எடைக்கல்லைத் தூக்கிப் பிடித்தபடி
என்னைப் பார்த்தாள்.

காலால் ஒரு முழம் தள்ளிக் காட்டினேன்.